மாசாணியம்மாள் பங்கு போட்ட மாத்திரை

எங்கள் சமையல் குழுவில் அடுப்பு மூட்ட ஆறேழு பேர் இருக்கிறோம். மூட்டச் சொல்ல ஒரே ஆள்தான், மாசாணியம்மாள். மாஸ்டர் என்ற பெயர் எனக்கு. கூலி கொடுப்பதும் நான்தான். ஆனாலும் கல்யாண மண்டபத்தில் பந்தி ஆரம்பித்துவிட்டால், இன்னொரு அண்டா சோறு வைப்பதா வேண்டாமா என்பது அந்தம்மாவின் வாயில்தான் இருக்கிறது.

இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. ஒண்டிப்புதூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்திக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்து, "இன்னொரு அண்டா வைங்க, பத்தாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாய்மாமன் பேச்சைத் தட்ட முடியுமா? நாங்களும் வைத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் மிஞ்சின சோற்றை மாட்டுக்கு என்று ஒருத்தர் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார். அதைப் பார்த்த மாசாணியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இனி எவுரு வந்தாலும் எங்கிட்டச் சொல்லட்டுமுங்க. நான் எலையைப் பாத்துப்போட்டுச் சொல்றேன். என்ற வாயில வந்தாத்தான் நீங்க பத்த வெக்கோணும்."

"தாய்மாமன் கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும். தின்னுபோட்டுக் கோவிச்சுக்கட்டும்."

இன்றைக்கு வரை அதுதான் எங்களுக்குச் சட்டம். அந்தம்மா அப்படித்தான். முடிவெடுத்துவிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் குணத்தால் அவர் ஒரு பெரிய நன்மையும் செய்தார், அதற்கு முன்னால் ஒரு பெரிய தப்பும் செய்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிறந்தது ஆனைமலைப் பக்கம். ஊர் அம்மன் பெயரை வைத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்தது சூலூரில், தறி ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு. சிங்காநல்லூரில் ஒரு மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மில்லை மூடினார்கள். மற்ற பெண்கள் கேட்டுக்கு முன்னால் நின்று அழுதபோது, இவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு நேராக நான் சமைத்துக்கொண்டிருந்த மண்டபத்துக்கு நடந்து வந்தார். நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, அதைய வெட்டறீங்களா, அடிச்சுக் கொல்றீங்களா?"

கத்தியை அவர் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஆள்.

சில வருசங்களுக்கு முன்னால் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வெட்கப்பட்டு மூடி வைக்கவில்லை. மறுநாளே கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். அதற்குப் பிறகு தினம் ஒரு மாத்திரை, வருசக்கணக்கில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். அந்த ஆஸ்பத்திரியில் கெசியா என்று ஒரு சிஸ்டர். நோயாளிகளோடு உட்கார்ந்து, என்ன வியாதி, எதற்கு மருந்து என்று புரியும்படி பேசுவதுதான் அந்தப் பெண்ணுக்கு வேலை. அந்தப் பெண் சொன்னதை மாசாணியம்மாள் எங்கள் சமையலறைக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொன்னார்.

"உடம்பு பூராவும் சின்னச் சின்னச் செல்லாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பொஸ்தகம் இருக்குதாம். கண்ணுலயும் அதே பொஸ்தகம், நகத்துலயும் அதே பொஸ்தகம்."

"அப்பக் கண்ணுல ஏங்க்கா நகம் மொளைக்கறதில்ல?" என்று கேட்டது ரூத். மாசாணியம்மாளோடு சூலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவள். காய் நறுக்குவதில் இவருக்கு ஜோடி.

"அதத்தான் நானும் கேட்டேன். பொஸ்தகம் பூட்டுன ரூமுக்குள்ளயே இருக்குமாம், வெளிய வராது. எந்தப் பக்கம் வேணுமோ அதைய மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல பாத்தெழுதி அடுப்படிக்குத் தாட்டியுடுவாங்க. சீட்டு வந்தாத்தான் சமையல். கண்ணுல கண்ணுக்கான பக்கம், நகத்துல நகத்துக்கான பக்கம். மத்ததெல்லாம் மூடியே கெடக்கும். எழுதுன்னு சொல்றதுக்கும் ஆள் இருக்குது, எழுதாதேன்னு சொல்றதுக்கும் ஆள் இருக்குது."

"உங்களையாட்டம்" என்றேன் நான்.

"என்னையாட்டந்தான். பெருகு, பெருகுன்னு ஒரு பக்கம் இருக்குதாம். வளர்ற வயசுல அது வேணும். காயம் பட்டா ஆறுறதுக்கு வேணும். வேலை முடிஞ்சா மூடிப்போடோணும். மூடாம அதையே எழுதிக்கிட்டு இருந்தா, அதான் கேன்சரு."

"உங்களுக்கு ஏன் மூடலை?" என்றேன் நான்.

"என்ற கட்டியில, எழுதற எடத்துக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி கெடக்குதுங்க மாஸ்டரு. பொம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோனு வந்து அதுல குந்திக்கிட்டு, பெருகுற பக்கத்தை எழுது எழுதுன்னு கத்துது. இந்த மாத்திரை முன்னாடியே போயி நாற்காலியில எடம் புடிச்சுக்குது. குந்திக்கிட்டு வாயத் தொறக்கறதில்ல. ஹார்மோனு வந்து பாக்குது, எடமில்லை, போயிருது."

"ஒண்டிப்புதூர் தாய்மாமன்" என்றாள் ரூத். எல்லோரும் சிரித்தோம்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனாலும் இது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. பின்னால் கெசியாவைப் பார்த்தபோது இதெல்லாம் சரிதானா என்று கேட்டேன். அடிப்படை சரிதான், ஆனால் நிஜத்தில் கூப்பிடுகிறவர்களும் தடுக்கிறவர்களும் ஏராளம், நாற்காலியும் ஒன்றிரண்டு இல்லை என்று சொன்னாள். ஆயிரம் பேர் கல்யாணத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

இனி ரூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இல்லை. பிளெஸ்ஸி என்று ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு, மற்ற நாளெல்லாம் எங்கள் சமையலறையில் வாய். மாசாணியம்மாளை எதிர்த்துப் பேசும் தைரியம் உள்ளவள் அவள் ஒருத்திதான். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டுத் தூக்கு. எங்கள் குழுவிலேயே அப்படி ஒரு வழக்கம், எதையும் தனியாகத் தின்பதில்லை. ஒரு வடை கிடைத்தாலும் பிட்டுத்தான் வாயில் போடுவார்கள். தலைவலி மாத்திரையைக்கூட ஒருத்தி பாதி கிள்ளி இன்னொருத்திக்குக் கொடுப்பாள்.

போன வருசம் ரூத்துக்கும் மார்பில் கட்டி வந்தது. அதே ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முதலில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் அறுவை சிகிச்சை, தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். முடி கொட்டும் என்றும் சொன்னார்கள்.

அப்போதுதான் பிளெஸ்ஸிக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஜெரால்டு உடுமலைப்பேட்டைக்காரன். அவன் அப்பா ஞானாபரணம் தேங்காய் வியாபாரி. நானே அவரிடம்தான் தேங்காய் எடுக்கிறேன். சர்ச்சில் இன்னும் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்துக் கல்யாணம் முடிகிற வரை, பெண்ணின் அம்மாவுக்குக் கேன்சர் என்று ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது என்று ரூத் பிடிவாதமாக நின்றாள். மொட்டைத் தலையோடு வெளியே வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

மாசாணியம்மாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே முடிவெடுத்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி ரூத் கையில் வைப்பதைப் பார்த்தேன்.

"அது என்ன?" என்றேன்.

"அவளுக்கும் இதே சீக்குத்தானுங்க. கலியாணம் முடியற வரைக்கும் தாங்கட்டும். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு."

"டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க."

"சோத்தைப் பங்கு போட டாக்டரைக் கேக்கோணுமுங்களா?"

ரூத் தலையைக் குனிந்தபடி மாத்திரையை விழுங்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து மாசாணியம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை. மார்க்கெட்டுக்கு வாழை இலை எடுக்கப் போன என் வேனில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கெசியாவின் அறையில் எனக்கும் ஒரு இருக்கை போட்டார்கள்.

"மாத்திரை தவறாமப் போடறீங்களா அக்கா?"

"நான் மட்டுமில்லைங்க சிஸ்டரு, இன்னொருத்தியவும் பாத்துக்கறேன்" என்று மாசாணியம்மாள் பெருமையாக ஆரம்பித்து, பங்கு போட்ட கதையை முழுக்கச் சொல்லி முடித்தார். கெசியா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இன்னொருத்தர் வியாதியைப் பத்தி நான் உங்ககிட்டப் பேசக் கூடாது. பொதுவாச் சொல்றேன், கேட்டுக்கங்க. எல்லார் கட்டியும் ஒரே மாதிரி இல்ல. உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்குன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"மறக்குமுங்களா?"

"சில பேர் கட்டியில அந்த நாற்காலியே இருக்காது. ஹார்மோன் வந்து சொல்லி அங்க எழுதறதில்ல. வேற என்னென்னமோ கெட்டுப்போய், பெருகுற பக்கத்தைத் தானாவே எழுதிட்டு இருக்கும். அங்க இந்த மாத்திரை போய் எங்க உட்காரும்?"

மாசாணியம்மாள் தன் மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அவங்களுக்கு ஊசி மருந்துதான் வழி. நாள் தள்ளத் தள்ளக் கட்டி பெருசாகும். உங்க விசயம் தனி. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு உங்க நாற்காலியை நீங்களே காலியா விட்டிருக்கீங்க. அதை டாக்டர் பாப்பாங்க."

டாக்டர் பார்த்தார். பார்த்ததோடு வாங்கு வாங்கு என்று வாங்கினார். ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை, இனிமேல் ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார்கள். சமையலறையையே ஒரே சத்தத்தில் அடக்குகிற அந்தம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக் கேட்டுக்கொண்டார்.

வேனில் ஏறினோம். இலையை இறக்க வேண்டிய சிங்காநல்லூர் வந்தது. மாசாணியம்மாள் இறங்கவில்லை.

"சூலூருக்கே உடுங்க மாஸ்டரு. எலை வாடாது."

ரூத் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாசாணியம்மாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். நான் வாசல் பக்கம் நின்றேன்.

"ஏம்புள்ள, உன்ற கட்டி என்ன சாதின்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

ரூத் ஒரு துண்டை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"சொன்னாங்க."

"என்னன்னு?"

"மாத்திரை எனக்குக் கேக்காது, ஊசிதான்னு சொன்னாங்க."

"அது தெரிஞ்சுமா என்ற மாத்திரையைத் தின்ன?"

"நீ ஆசையாப் பிதுக்கிக் குடுத்தே. வேண்டாங்கறதுக்கு வாய் வரலைக்கா. முழுங்குன அன்னைக்கு, ஏதோ பண்றோம்னு ஒரு நிம்மதி. நல்லாத் தூங்குவேன்."

"கட்டி எப்புடி இருக்குது?"

"அப்ப நெல்லிக்காயாட்டம்."

"இப்ப?"

"எலுமிச்சங்காயாட்டம்."

மாசாணியம்மாள் கோபத்தில் கத்துவார் என்றுதான் நினைத்தேன். குரலை உயர்த்தாமலே பேசினார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் என்ற நாற்காலியைக் காலியா உட்டுப்போட்டேன். உனக்கு நாற்காலியே இல்லை. ரெண்டு பேரும் சேந்து கெட்டோம் பாரு. நாளைக்கு ஆஸ்பத்திரி. நான் வாரேன்."

"கலியாணம் முடியட்டும்க்கா."

"கலியாணம் வரைக்கும் அது கம்முனு இருக்குமா? பத்திரிகை வெச்சுக் கேட்டுப்போட்டியா?"

"மொட்டைத் தலையோட சம்பந்தி முன்னால எப்புடி நிக்கறது? உனக்கென்ன, உனக்கு முடி கொட்டலை."

"கொட்டட்டும். ஊசி மருந்து வேகமாப் பெருகுற செல்லை எல்லாம் அடிக்குமாம். முடி மொளைக்கற எடத்துல எப்பவும் பெருகிக்கிட்டேதான் இருக்கும், அதையும் சேத்து அடிச்சுப்போடும். ஆனா அது ஒழுக்கமான செல்லு, மருந்து நின்னா மறுபடி மொளைச்சுக்கும். கெசியா சொல்லுச்சு. இது நானாச் சொல்றதில்ல."

உள்ளே இருந்து பிளெஸ்ஸி வந்து நின்றாள். அதுவரை அவளுக்கும் எதுவும் தெரியாது. முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அம்மா, நீ இதை மறைச்சு என்னையக் கட்டிக்குடுத்தா, நான் அந்த ஊட்டுல காலம் பூரா மறைச்சுக்கிட்டேதான் இருக்கோணும். எனக்கு அந்த வேலை வேண்டாம்."

ரூத் துணியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வாரமே நான் தேங்காய்க்கு உடுமலை போக வேண்டியிருந்தது. ரூத் தானே என் வேனில் ஏறினாள், மாசாணியம்மாளும் கூட ஏறினார். ஞானாபரணம் குடோனில் இருந்தார். உறிக்காத தேங்காய் ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

"தோத்திரமுங்க" என்று ரூத் கைகூப்பினாள். "ஒரு விசயம் சொல்லிப்போடலாம்னு வந்தேனுங்க. எனக்குக் கேன்சரு. வியாழக்கிழமை ஊசி போடறாங்க. முடியெல்லாம் போயிரும். அப்பறம் ஆப்பரேசன். கலியாணத்துல நான் இப்ப இருக்கற மாதிரி இருக்க மாட்டேன். இதைய மறைக்கலாம்னு இருந்தேன். புள்ளை வேண்டாம்னு சொல்லிப்போட்டா."

ஞானாபரணம் எழுந்து விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கல் நெஞ்சுக்காரர் இல்லை, ஆனால் வியாபாரி. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைக்கும் வருமுங்களா?"

ரூத் மாசாணியம்மாளைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க" என்றார் மாசாணியம்மாள். "சில குடும்பத்துல அந்தப் பொஸ்தகத்துலயே ஒரு எழுத்து தப்பா வருமாம், பல பேருக்கு அப்புடி இல்லையாம். ரத்தம் எடுத்துப் பாக்கலாம்ங்கறாங்க. தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். தெரிஞ்ச மாதிரி பேசி இப்பத்தான் பட்டேன்."

"ஊட்டுல கலந்துபோட்டுச் சொல்றேனுங்க" என்றார் அவர். என் தேங்காயை ஏற்றி முடிக்கிற வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

வியாழக்கிழமை காலை நானே வேனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உடுமலையிலிருந்து போன் வரவில்லை.

"சித்த நேரம் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குங்க? அவிங்க சொல்றதுக்கும் இதுக்கும் என்ன இருக்குது?" என்றாள் ரூத். "எடுங்க, நேரமாச்சு." அவளே கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அந்த நிமிசமே தெரியும், இந்தப் பொம்பளை தேறிவிடுவாள் என்று. டாக்டர் இன்னும் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதல் ஊசிக்கு வாந்தி. இரண்டாவதுக்கு முடி. கொத்துக்கொத்தாகக் கையோடு வந்ததும் மாசாணியம்மாள் மீதியையும் வழிக்க நாவிதரை வீட்டுக்கே அழைத்து வந்தார். "பழனிக்குப் போகாமயே வேலை முடிஞ்சுது" என்றார். "நான் எதுக்குப் பழனிக்குப் போறேன்" என்று ரூத் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். அடுத்த பரிசோதனையில் கட்டி சிறுத்திருந்தது. எலுமிச்சையிலிருந்து மறுபடி நெல்லிக்காய்க்கு இறங்கியிருக்கிறது என்று ரூத்தே கெசியாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் ஜெரால்டு பிளெஸ்ஸியைக் கூப்பிட்டுப் பேசினான். வீட்டில் அம்மாவுக்கு மனசில்லை, அப்பா வாயைத் திறக்கவில்லை, தனக்குப் பிளெஸ்ஸியைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றான். கொஞ்ச நாள் இழுபறிக்குப் பிறகு ஞானாபரணம் எனக்குப் போன் போட்டு, தேங்காய் விலையைப் பேசி முடித்துவிட்டு, "வர்ற ஞாயித்துக்கெழமை சர்ச்சுல மொத ஓலை வாசிக்கறாங்க, ரூத்தம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார். பிளெஸ்ஸி ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. வருகிறபோது வரட்டும் என்று ஜெரால்டு சொல்லிவிட்டான்.

கல்யாணச் சமையல் எங்கள் குழுதான். வேறு யாரை விடுவோம்? ரூத்துக்கு இன்னும் இரண்டு ஊசி பாக்கி, அதற்கு மேல் அறுவை சிகிச்சை இருக்கிறது. பட்டுச் சேலை முந்தானையை மொட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டார் வரிசையாக வந்து பார்க்கப் பார்க்க நிமிர்ந்து நின்றாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நேராகச் சமையலறைக்குள் வந்து, தட்டில் கொஞ்சம் மட்டன் பிரியாணி வாங்கி வாயில் போட்டாள்.

"ஏனுங்க மாஸ்டரு, என்ற புள்ளை கலியாணத்துல உப்பே போடாம ஆக்கி வெச்சிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.

"உப்பெல்லாம் இருக்குது" என்றார் மாசாணியம்மாள். "ஊசியில உன்ற நாக்கு மரத்துக் கெடக்குது. நாக்குலயும் புது செல்லு வரோணுமாம், அதுவரைக்கும் நாங்க சொல்றதை நம்பித் தின்னு."

"அது வர்றதுக்கு எத்தனை நாளாகும்?"

"ஊசி முடிஞ்சு பொறவு வந்துருமாம். கெசியாகிட்டக் கேட்டுப்போட்டேன்."

"அப்ப முடிஞ்ச பொறவு இதே பிரியாணி எனக்கு மறுபடி ஆக்கிக் குடுக்கோணும்" என்றாள் ரூத்.

"மட்டனை நீ வாங்கிட்டு வா" என்றேன். அவள் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றாள்.